இது யார் வாரம்?

1

கண்ணாடிக்குப் பின்னால் அசைந்த இரண்டு உதடுகளிலிருந்து வந்த கதை இது. அதைத் தவிர என் கையில் வேறு சரக்கு இல்லை. முதலிலேயே சொல்லிவிட்டேன், பிறகு ஏமாற்றிவிட்டான் என்று யாரும் குறைப்பட்டுக்கொள்ளக் கூடாது.

கூப்பிட்ட குரலுக்கு நான் திரும்பிப் பார்ப்பதில்லை என்று என் மனைவிக்கு நெடுநாள் குறை. உண்மையிலேயே காதில் விழவில்லையா, விழாத மாதிரி இருக்கிறேனா என்று தெரிந்துகொள்ள என்னைக் காது பரிசோதனைக்குத் துரத்தினாள். அங்கே பீரோ அளவுக்கு ஓர் அறை, சுவரெல்லாம் பஞ்சு. ஒரு பெண் என் தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். "சத்தம் கேட்டா அழுத்துங்க சார். ரொம்ப மெதுவா கேட்டாலும் அழுத்துங்க." கனமான கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் போய் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தாள்.

அதன்பிறகு அப்படி ஓர் அமைதி. நான் எச்சில் விழுங்கியது எனக்கே பெரிய சத்தமாகக் கேட்டது. அப்போதுதான் பார்த்தேன், அவளுடைய உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. என்னிடம் பேசவில்லை. போனிலும் இல்லை. யாரிடமோ, எதையோ.

வெளியே வந்ததும் வாய் சும்மா இருக்கவில்லை. "உள்ள இருந்தப்போ ஏதோ சொல்லிட்டு இருந்தீங்களே, என்னம்மா?"

"நானா?" என்று கொஞ்சம் வெட்கப்பட்டாள். "ஒண்ணுமில்ல சார். பழக்கம்."

இதை வீட்டில் வந்து சொன்னபோது மனைவி சொன்னாள்: "அந்தப் பொண்ணு ஏதாவது பாட்டு முணுமுணுத்திருப்பா. இல்ல, ராத்திரிக்கு என்ன சமைக்கிறதுன்னு யோசிச்சிருப்பா. நீங்க உடனே பேனாவைத் தூக்கிடாதீங்க."

தூக்கிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "அவளுக்கு இரண்டு கடவுள்கள் இருந்தார்கள். இருவருமே அவளை—"

[வேண்டாம். கடவுளில் தொடங்கினால் இரண்டாம் பத்தியிலேயே நான் மேடை ஏறிவிடுவேன்.]

இரண்டாம் தொடக்கம்: "காது என்பது மனிதனுடைய—"

[இந்த வாக்கியத்தை முடித்திருந்தால் என் முகத்தில் நானே விழித்திருக்க மாட்டேன்.]

மூன்றாவது: "அவள் வீட்டில் சாமிகளுக்கு முறை வைத்திருந்தார்கள்." இது இருக்கட்டும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை.

அவளுக்கு ஒரு பெயர் வேண்டும். அப்பா வீட்டார் ஒரு பெயர் வைத்தார்கள், அம்மா வீட்டார் இன்னொன்று வைத்தார்கள். எந்தப் பெயரைக் கூப்பிட்டாலும் ஒரு பக்கத்துக்கு முகம் சுருங்கும் என்று வீட்டில் "பாப்பா" என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். இப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. முன்நெற்றியில் நரை விழுந்த பாப்பா. நானும் அப்படியே கூப்பிடுகிறேன். எனக்கும் வம்பு வேண்டாம்.

அப்பா எந்த மதம், அம்மா எந்த மதம் என்றும் சொல்லப்போவதில்லை. சொன்னால் உங்களில் பாதிப் பேர் அப்பா பக்கமும் பாதிப் பேர் அம்மா பக்கமும் போய் உட்கார்ந்துகொள்வீர்கள். பாப்பா நடுவில் நிற்க வேண்டிவரும். அவள் ஏற்கெனவே நின்று நின்று கால் கடுத்துப்போனவள்.

3

அப்பாவும் அம்மாவும் இரு வீட்டாரையும் பகைத்துக்கொண்டு கல்யாணம் செய்துகொண்டவர்கள். அன்றைக்கு அவர்கள் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் ஒன்றே ஒன்று: ஒரு வாரம் அவருடைய சாமி, அடுத்த வாரம் அவளுடைய சாமி. ஞாயிறு விடிந்தால் முறை மாறும். அப்பா வாரத்தில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் விளக்கேற்றுவார்கள். மூன்று பேரும் கைகூப்பி நிற்பார்கள். அம்மா வாரத்தில் மெழுகுவர்த்தி. மூன்று பேரும் முழங்காலில் நிற்பார்கள். அடுத்தவர் முறையில் மனம் கோணாமல் நிற்க வேண்டும் என்பது எழுதாத விதி. இரண்டு பேரும் அந்த விதியை மீறியதே இல்லை. அந்த வீட்டில் குழம்பில் உப்புக்குச் சண்டை வந்திருக்கிறது, சாமிக்குச் சண்டை வந்ததில்லை.

சித்தப்பா மட்டும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்: "இந்த வாரம் யாரு டியூட்டி?" பஸ் டிப்போவில் மெக்கானிக். எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்பாத ஆள். கழற்ற முடியாததை இல்லை என்றே சொல்லிவிடுவார்.*

[* முதல் பிரதியில் சித்தப்பாவை மாரடைப்பில் போக்கிவிட்டேன். அவர் இல்லாமல் கதை உப்புச்சப்பில்லாமல் போனது. திரும்பக் கூட்டிவந்திருக்கிறேன். அவருக்கு மறுபிறவியில் நம்பிக்கை இல்லை, ஆனாலும் வந்துவிட்டார்.]

சாமிக்குச் சண்டை வந்ததில்லை என்று சொன்னேன். ஒரே ஒரு தடவை வந்தது. பாப்பாவுக்கு அப்போது ஏழு வயது இருக்கும். சனிக்கிழமை காய்ச்சல் அனலாகக் கொதித்தது. அப்பா விளக்கின் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஞாயிறு விடிந்து, அம்மா மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்தபோது காய்ச்சல் இறங்கியிருந்தது.

"பாத்தீங்களா, உங்க வாரத்துல ஏறுன காய்ச்சல் என் வாரத்துல இறங்கிருச்சு" என்றாள் அம்மா. விளையாட்டாகத்தான் சொன்னாள்.

அப்பா சிரிக்கவில்லை. "ராத்திரி முழுக்க நின்னவன் நான். அவர் விடியக்காத்தால குடுத்தாரு, அவ்வளவுதான். உன் ஆளு வந்து பேரைத் தட்டிக்கிட்டுப் போறாரு."

பேச்சு தடித்தது. அம்மா மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்தப் பக்கமாக வந்த சித்தப்பா, "சரி, அந்த மாத்திரை யார் வாரத்துல குடுத்தது?" என்று கேட்டு இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கட்டிலில் படுத்திருந்த பாப்பா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று அவளுக்குள் ஒரு பயம் ஏறிக்கொண்டது. தப்பான வாரத்தில் தப்பானவரிடம் கேட்டுவிட்டால்? அன்றிலிருந்து எதை வேண்டிக்கொள்ளவும் முதலில் அவள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, இது யார் வாரம் என்று. பரீட்சைத் தாளைக் கொடுக்கும்போதும், ரோட்டைக் கடக்கும்போதும், பிரசவ வலியிலும்கூட.

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம்.

இப்படி ஒரு பெண் இருப்பாளா? படித்து, வேலைக்குப் போய், பிள்ளை பெற்று வளர்த்த ஒருத்தி, கும்பிடுவதற்கு முன்னால் விரல்விட்டு எண்ணுவாளா? மனைவியிடம் கேட்டேன். "நீங்க வீட்டைப் பூட்டிட்டு மூணு தடவை இழுத்துப் பாக்கறதில்லையா? அதுல மூணாவது தடவை இழுக்கலன்னா உங்களுக்குத் தூக்கம் வருமா?" என்றாள். சந்தேகம் தீர்ந்தது.

ஆனால் இன்னொரு சங்கடம். பாப்பாவின் தொழில் கதைக்கு ரொம்ப வாகாக அமைந்துவிட்டது. அமைதியான அறை, கேட்டும் கேட்காத ஒலி, பொத்தான். எழுத்தாளன் தன் வசதிக்கு இட்டுக்கட்டிவிட்டான் என்று நினைப்பீர்கள். என்ன செய்ய? நான் பார்த்த பெண்ணுக்கு அதுதான் தொழில். அவள் தையற்காரியாக இருந்திருந்தால் ஊசியை வைத்து எழுதித் தொலைத்திருப்பேன்.

தொழிலைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, ஒலி அனுப்பும்போது அவள் முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. கையும் ஜன்னலுக்குக் கீழே மறைந்திருக்க வேண்டும். தெரிந்தால் உள்ளே இருப்பவர் காதால் கேட்காமல் கண்ணால் கேட்டுவிடுவார். இரண்டாவது, உள்ளே பொத்தானை அழுத்தினால் அவள் பக்கம் ஒரு சின்ன விளக்கு எரியும். ஒலியே அனுப்பாதபோதும் சிலசமயம் எரியும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. நம்மை விட்டுவிட்டுப் போய்விட்டார்களோ என்ற பதற்றத்தில் அழுத்துவார்கள். அவள் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

5

[இந்தப் பகுதியை நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.]

அம்மாவுக்குத் திடீரென்று மூளையில் ரத்தக் கசிவு. பாப்பா தன் ஊரிலிருந்து அரக்கப்பரக்க வந்து சேர்ந்தபோது அம்மா கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். அப்பா ஆஸ்பத்திரி வராண்டாவில் பெஞ்சில் உட்கார்ந்து கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாப்பா சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

யார் வாரம்?

கல்யாணமாகிப் போன பிறகு அவளுக்கு வாரக் கணக்கு அடிக்கடி தப்பிவிடும். போனில் நாட்காட்டியைத் திறந்தாள். தீர்மானமாகத் தெரிந்த ஒரு வாரத்தைப் பிடித்து அங்கிருந்து எண்ணிக்கொண்டு வரலாம் என்று பார்த்தாள். பிள்ளையின் பிறந்தநாளுக்கு வந்தபோது மெழுகுவர்த்திதான், அது அம்மா வாரம். அங்கிருந்து ஒன்றுவிட்டு ஒன்று... நடுவில் விரல் தவறியது. திரும்ப முதலிலிருந்து எண்ணினாள். எண்ணி முடித்து, அம்மா வாரம்தான் என்று தெரிந்து, நிமிர்ந்தபோது டாக்டர் வெளியே வந்து அப்பாவின் தோளில் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

அம்மா வாரம். ஒரு வார்த்தைகூட அவள் சொல்லியிருக்கவில்லை.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. நான் எழுதிவிட்டேன். எழுதிய பிறகு கொஞ்சநேரம் எழுந்து போய் ஜன்னலருகே நின்றேன்.

6

அம்மா போய் இரண்டு வருஷம். அப்பா டிவியின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். மேல்வீட்டுக்காரர் வந்து முறையிட்ட பிறகு பாப்பா அப்பாவை இழுத்துவந்து தன் பரிசோதனை அறைக்குள் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினாள். "அப்பா, கேட்டா மட்டும் அழுத்துங்க."

இடது காது வயதுக்குத் தக்கபடி இருந்தது. வலது காதுக்கு வந்தாள். ஒலியைக் கூட்டினாள். விளக்கு எரியவில்லை. இன்னும் கூட்டினாள். இல்லை. முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்பது அன்றைக்குத்தான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. கை இயந்திரத்தின் மேலேயே நின்றுவிட்டது. எதையும் அனுப்பாமல் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

விளக்கு எரிந்தது. மறுபடியும் எரிந்தது.

கதவைத் திறந்து, "என்னப்பா, கேக்காமலே அழுத்துறீங்க?" என்றாள்.

"நீ அந்தப் பக்கம் உக்காந்திருக்கே. சும்மாவா உக்காந்திருப்பே? உன்கிட்டயிருந்து ஏதோ வருதுன்னு அழுத்துனேன்."

[இந்த வரியை அடித்தேன், எழுதினேன், அடித்தேன். அப்பா பிடிவாதக்காரர். இருந்துவிட்டுப் போகட்டும்.]

ஒரு காது மட்டும் இப்படிப் போனால் அதற்குக் காரணம் வேறு என்று அவளுக்குத் தெரியும். ஸ்கேனில் காது நரம்பில் ஒரு கட்டி. புற்று இல்லை என்றார் டாக்டர். ஆனால் மூளையை ஒட்டி வளர்ந்துவிட்டது, எடுத்துத்தான் ஆக வேண்டும். இந்த வயதில் பயமே இல்லை என்று சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டு மேஜையிலிருந்த பேனாவை நேராக வைத்தார்.

பாப்பாவுக்குப் பயம் இரண்டாகிவிட்டது. அப்பா போய்விடுவாரோ என்பது ஒன்று. அந்த வராண்டாவில் மறுபடியும் நாட்காட்டியைத் திறந்துகொண்டு நிற்பேனோ என்பது இன்னொன்று.

7

அறுவை சிகிச்சைக்கு முந்தின சில நாட்கள் பாப்பா அப்பா வீட்டில் வந்து தங்கினாள். வந்த அன்று சாயங்காலம் மாடியில் துணி எடுத்துக்கொண்டு இறங்கியவள் கூடத்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. அப்பா சோபா மெத்தையைத் தரையில் போட்டு, அதன்மேல் முழங்காலிட்டு நின்றார். அந்த முழங்காலை மடக்கவே அவருக்கு ஒரு பாடு. அம்மாவின் பிரார்த்தனையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் தடுக்கியது. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தார். கடைசியில் அம்மா வழக்கமாகச் சொல்லும் வரி வந்தது. அதை அம்மா சொன்னபடியே சொன்னார்: "என் வீட்டுக்காரரையும் பாப்பாவையும் பத்திரமா பாத்துக்கோங்க."

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது.

"யாருப்பா உங்க வீட்டுக்காரரு?"

அவர் திரும்பிப் பார்த்து அசடு வழிந்தார். "அவ சொன்னதை அப்படியே சொல்லணும்ல? மாத்திச் சொன்னா அங்க யாருக்குத் தெரியும், யாரு பேசறதுன்னு?" கையை நீட்டினார். அவள் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

இவரிடம் கணக்கு இருக்கிறது என்று அவள் நிம்மதியானாள். அறுவை நாளன்று இவரையே கேட்டுக்கொள்ளலாம்.

அந்தக் காலையும் வந்தது. ஆஸ்பத்திரிப் பச்சை உடுப்பில் அப்பா சின்னதாகத் தெரிந்தார். தள்ளுகட்டிலைக் கதவருகே நிறுத்திவிட்டு நர்ஸ் காகிதங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா தள்ளிப்போய் நோட்டீஸ் பலகையைப் படிக்கிற மாதிரி நின்றார். பாப்பா அப்பாவின் நல்ல காதுப்பக்கம் குனிந்தாள்.

"அப்பா, இது யார் வாரம்?"

"தெரியாது பாப்பா."

"என்னப்பா, விளையாடாதீங்க."

"அம்மா போன பிறகு ஒரு ஞாயித்துக்கிழமை காய்ச்சல்ல படுத்துட்டேன். அதோட கணக்கு போச்சு. அப்புறம் தோணுறப்ப விளக்கு, தோணுறப்ப மெழுகுவத்தி." குரலைத் தாழ்த்தினார். "அம்மா வாரம்தான் கொஞ்சம் அதிகமாப் போச்சு. சாமிங்க ரெண்டு பேரும் ஒண்ணும் கோச்சுக்கல."

அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நான் இன்னைக்கு என்னப்பா பண்றது?"

"இன்னைக்கு உன் வாரம்னு வச்சுக்க."

"எனக்கு ஏதுப்பா வாரம்?"

"அதான். நாங்க ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கிட்டோம், உனக்கு ஒண்ணு விட்டு வைக்கல." நர்ஸ் கட்டிலின் சக்கரப் பூட்டை எடுத்தாள். "இப்ப எடுத்துக்க."

கதவு சாத்திக்கொண்டது. அதில் வட்டமாக ஒரு கண்ணாடி.

8

முடிவுகள். மூன்று எழுதிவைத்திருக்கிறேன்.

அ. பாப்பா வராண்டாவில் முழங்காலிட்டு, அதே நேரம் கைகூப்பி வேண்டுகிறாள். அப்பாவும் அம்மாவும் அவளுக்குள் ஒன்றாகிறார்கள். படிப்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நானும் துடைத்துக்கொண்டேன். ஆனால் பாப்பா இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு வாரத்தையும் ஒரே நாளில் முடித்துக் கடனைக் கழிக்கிற வேலை இது என்கிறாள்.

ஆ. அவள் இரண்டையும் உதறிவிட்டு, சித்தப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடிக்கிறாள். நிம்மதியாக— [நிம்மதி எங்கே? காபி ஆறுகிறது. சித்தப்பாவே குடிக்கவில்லை.]

இ. அவளுக்கு ஒரு பேரொளி— [மன்னிக்கவும்.]

ஆகவே எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். பாப்பா வட்டக் கண்ணாடியருகே போனாள். போனை வெளியே எடுக்கவில்லை. கட்டில் உள்ளே நகர்ந்துகொண்டிருந்தது. அப்பாவின் முகம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. பாப்பாவின் கைகளுக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. கூப்பவும் இல்லை, மடக்கவும் இல்லை, சும்மா தொங்கின. உதடுகள் அசைந்தன.

உள்ளே, போர்வையின் மேல் கிடந்த அப்பாவின் கட்டைவிரல் ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது, பொத்தானை அழுத்துகிற மாதிரி.

சித்தப்பா மெல்ல வந்து பக்கத்தில் நின்றார். "ஏதாவது சொன்னியா பாப்பா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னே?"

"சரியாத் தெரியல சித்தப்பா."

"யார்கிட்ட?"

"அதுவும் தெரியல."

அவர் பேண்ட் பாக்கெட்டுகளில் எதையோ தேடினார், கிடைக்கவில்லை. "சரி" என்றார். "என் பேரையும் சேத்துக்க."

9

அறுவை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எழுதினால்தான் எனக்கே தெரியும், அதனால் எழுதவில்லை. அப்பா பிழைத்தால் பலித்தது என்பீர்கள். பிழைக்காவிட்டால் பார்த்தாயா என்பீர்கள். காய்ச்சல் இறங்கிய அந்த ஞாயிற்றுக்கிழமைச் சண்டை திரும்பவும் தொடங்கிவிடும். பாப்பாவுக்கு இப்போதுதான் ஒரு வாரம் கிடைத்திருக்கிறது. அதை அவளிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. பாப்பாவும் சித்தப்பாவும் நின்றுகொண்டிருக்கிறார்கள். வேண்டுமானால் நீங்கள் போய்ப் பக்கத்தில் நில்லுங்கள்.

நான் பார்த்த அந்தப் பெண்ணுக்கு அப்பா இருக்கிறாரா என்றுகூட எனக்குத் தெரியாது. என் காதுகள் நன்றாகவே இருக்கின்றன என்று சொல்லி (மனைவிக்கு இது நல்ல சேதி அல்ல) காகிதத்தை நீட்டியவள், கொஞ்சம் தயங்கினாள். முதல் பகுதியில் இதை வேண்டுமென்றே விட்டுவிட்டேன்.

"ஒரே ஒரு தடவை மட்டும் சார், நான் எதுவும் அனுப்பல. ஆனா நீங்க அழுத்துனீங்க."

"அப்படியா?"

"பரவாயில்ல, அதை நாங்க கணக்குல எடுத்துக்க மாட்டோம்." அடுத்த ஆளைக் கூப்பிடத் திரும்பியவள், நின்று, என்னைப் பார்த்தாள். "என்ன சார் கேட்டுச்சு?"